மஞ்சள் கருவின் நிறம் மாறினால்: கோளாறு தீவனத்திலா, கோழியிலா என்று கண்டுபிடிப்பது

காலையில் முட்டையை உடைக்கிறீர்கள். போன மாதம் வரை ஆரஞ்சு கலந்த மஞ்சளாக உருண்டு நின்ற கரு, இன்று வெளிறிப்போய்க் கிடக்கிறது. கோழிகள் அதே கோழிகள், கூடும் அதே கூடு. கையில் கிடைத்த கீரையை அள்ளிப் போடுகிறோம். மறுநாளே ஒரு முட்டையை உடைத்துப் பார்த்து, ஒன்றும் மாறவில்லை என்று தீவனத்தையும் மாற்றிவிடுகிறோம். கோழி வளர்க்கத் தொடங்கிய முதல் வருடம் நானும் இப்படித்தான் செய்தேன். ஒரே வாரத்தில் மூன்று மாற்றம் செய்ததால், கடைசியில் நிறம் திரும்பியபோது எதனால் திரும்பியது என்று சொல்லத் தெரியவில்லை.

அதனால் அறிகுறிகளுக்குள் போகும் முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

ஒன்று: கோழியின் உடம்பு மஞ்சள் நிறத்தைத் தானாக உண்டாக்குவதில்லை. கருவின் நிறம் சாந்தோபில் என்ற நிறமிகளிலிருந்து வருகிறது. லூட்டினும் சியாசாந்தினும் அவற்றில் முக்கியமானவை. இவை செடிகளில் உண்டாகின்றன. கோழி அவற்றைத் தின்று, குடலில் கொழுப்போடு சேர்த்து உறிஞ்சி, ரத்தத்தின் வழியாகச் சினைப்பைக்கு அனுப்பிக் கருவில் சேர்க்கிறது. ஆக நிறம் குறைந்தால் தேட வேண்டிய இடங்கள் மூன்றே. தீவனத்தில் நிறமி இல்லாமல் இருக்கலாம். இருந்தும் கோழி அதைத் தின்னாமல் இருக்கலாம். தின்றும் குடல் உறிஞ்சாமல் இருக்கலாம். இந்த வரிசையிலேயே தேடுங்கள். முதல் இடத்திலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இரண்டு: கரு ஒரே நாளில் உருவாவதில்லை. முட்டையிடும் கோழியின் சினைப்பையில் எந்த நேரமும் ஐந்தாறு கருக்கள், சிறிதிலிருந்து பெரிதாக, வரிசை கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு கருவும் தன் எடையின் பெரும்பகுதியைக் கடைசிப் பத்து நாளில்தான் ஏற்றிக்கொள்கிறது. நாளுக்கு ஒரு அடுக்காக, வெங்காயத்தைப் போல. அதனால் இன்று நீங்கள் உடைக்கும் முட்டை, கோழி கடந்த பத்து நாளில் தின்றதைக் காட்டுகிறது. தீவனத்தை மாற்றினால் இரண்டு மூன்று நாளில் லேசான மாற்றம் தெரியும். முழு நிறம் நிற்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் இன்னொரு மாற்றம் செய்யாதீர்கள்.

பார்ப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். எப்போதும் ஒரே வெள்ளைத் தட்டு, பகல் வெளிச்சம், வேகவைக்காத முட்டை. குழல் விளக்கின் கீழ் பார்த்ததையும் ஜன்னலோரம் பார்த்ததையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். பண்ணைகளில் இதற்கென்றே நிற விசிறி இருக்கிறது. வெளிர் மஞ்சளில் தொடங்கி அடர் ஆரஞ்சு வரை 1 முதல் 15 வரை எண் போட்ட பட்டைகள்; புதிய விசிறிகளில் 16 வரை உண்டு. வீட்டில் அது தேவையில்லை. ஒவ்வொரு முறையும் அதே தட்டில், அதே ஜன்னலருகில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, தேதியோடு வைத்தால் போதும். அப்புறம், எந்தக் கோழியின் முட்டை என்று தெரிந்துகொள்ள முயலுங்கள். ஓட்டின் நிறமும் வடிவமும் கோழிக்குக் கோழி வேறுபடும்; ஒரு வாரம் கவனித்தால் பிடிபட்டுவிடும். பிடிபடவில்லை என்றால் சந்தேகப்படும் கோழியை ஒரு நாள் தனியாக விட்டுப் பாருங்கள்.

எல்லா முட்டையிலும் கரு வெளிறியிருக்கிறது

எல்லாக் கோழிக்கும் ஒரே நேரத்தில் வந்தால் அது பெரும்பாலும் தீவனம். மூட்டையில் என்ன தானியம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நிறமி தரும் தானியம் என்று பார்த்தால் மஞ்சள் மக்காச்சோளம் ஒன்றுதான். கிலோவுக்குச் சுமார் 20 மில்லிகிராம் சாந்தோபில் அதில் இருக்கும். கோதுமை, பார்லி, அரிசிக் குருணை, கம்பு, வெள்ளைச் சோளம், வெள்ளை மக்காச்சோளம் இவற்றில் நிறமி மிகக் குறைவு, சிலவற்றில் இல்லை என்றே சொல்லலாம். இவை கெட்ட தீனி என்று பொருள் இல்லை. கோழி நன்றாகத் தின்னும், நன்றாக முட்டையிடும், கரு மட்டும் வெளுக்கும். அரிசியை மட்டுமே முக்கியத் தானியமாகத் தின்னும் கோழியின் கரு கிட்டத்தட்ட வெண்மையாகவே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் தீவனம் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 சதவீதம் மஞ்சள் மக்காச்சோளம் என்றால் 66 கிராம். கிடைக்கும் நிறமி நாளுக்குச் சுமார் 1.3 மில்லிகிராம். தீவனக்காரர் மக்காச்சோளத்தில் பாதியைக் கோதுமையாக மாற்றினால் இது பாதியாகிவிடும். மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் புரத அளவு மாறியிருக்காது, கோழியும் மாறியிருக்காது, ஆனால் கரு இரண்டு மூன்று படி இறங்கிவிடும். தானியத்தின் விலைக்கும் வரத்துக்கும் தகுந்தபடி கலவையை மாற்றுவது தீவனத் தொழிலில் வழக்கமானது. புது மூட்டை திறந்த தேதியையும் நிறம் இறங்கத் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் நாலைந்து நாள்தான் இருக்கிறது என்றால் மூட்டைதான் காரணம்.

தானியம் மாறவில்லை என்றால் தீவனத்தின் வயதைப் பாருங்கள். சாந்தோபிலை ஒளியும் வெப்பமும் காற்றும் சிதைக்கும். எனக்கு ஒருமுறை இது நடந்தது. நல்ல மஞ்சள் மக்காச்சோளம் கலந்த தீவனம்தான். மூட்டையை வாய் திறந்தபடி வெயில் படும் திண்ணையில் இரண்டு மாதத்துக்கும் மேல் வைத்திருந்தேன். மேலே இருந்ததை ஒரு கை அள்ளினேன், கையைத் தோள்வரை விட்டு அடியிலிருந்து இன்னொரு கை எடுத்தேன். இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று வைக்கோல் நிறம், மற்றது மஞ்சள். மேலே இருந்ததில் பழைய எண்ணெய் வாடையும் லேசாக வந்தது. கொழுப்பு கெட்டு நாறும்போது நிறமியும் கூடவே அழிகிறது. உடைத்த தானியமும் அரைத்த மாவும் முழுத் தானியத்தைவிட வேகமாகக் கெடும். அதிலிருந்து ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும் அளவுக்கு மேல் நான் வாங்குவதில்லை. மூடி போட்ட, ஒளி புகாத டப்பாவில் நிழலில் வைக்கிறேன்.

தீவனமும் சரி, வயதும் சரி என்றால், பக்கத் தீனியைக் கணக்கிடுங்கள். வீட்டில் மிஞ்சும் சோறு, ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு இதெல்லாம் கோழிக்குப் பிடிக்கும், வயிற்றையும் நிரப்பும். வயிறு நிரம்பிய கோழி தீவனத் தொட்டிக்கு வராது. நிறமி உள்ள தீனியின் இடத்தை நிறமியே இல்லாத தீனி பிடித்துக்கொள்கிறது. மிச்சமீதி எல்லாம் சேர்ந்து நாளின் தீனியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அதையும் மாலையில், கோழி தீவனம் தின்று முடித்த பிறகு கொடுங்கள். கால்சியமும் புரதமும் குறைந்து ஓடு மெலிந்துபோவதற்கும் இந்த மிச்சமீதியே காரணமாக இருப்பதுண்டு.

கடும் வெயில் காலத்தில் கோழி தீவனமே குறைவாகத் தின்னும். மேய்ச்சல் நிலமும் அப்போதுதான் காய்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் கரு வெளுப்பதில் வியப்பில்லை. குளிர்ந்த தண்ணீரும் நிழலும் கொடுத்து, தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் வையுங்கள்.

திருத்துவதற்கு எளிய வழி பச்சை இலை. குதிரைமசால் என்ற தீவனச் செடி (லூசர்ன்), இளம் புல், முருங்கை இலை, கடும்பச்சைக் கீரை எதுவானாலும் சரி. ஒரு கோழிக்கு நாளுக்கு 20 முதல் 30 கிராம், அதாவது தளர்வாக ஒரு கைப்பிடி. நீளமான புல்லை அப்படியே போடாதீர்கள். விரல் நுனி அளவுக்கு நறுக்கிப் போடுங்கள். நீளப் புல் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் சுருண்டு அடைத்துக்கொண்டால் நிறப் பிரச்சினை போய் உயிர்ப் பிரச்சினை வந்துவிடும். மண்ணில் இறங்காத கோழிகளுக்கு, தின்ற இலையை அரைக்கச் சிறு கல்மணலும் வேண்டும்.

இலை கிடைக்காத காலத்துக்கு உலர்ந்த குதிரைமசால் தூள் இருக்கிறது. கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் நிறமி உள்ளது, மக்காச்சோளத்தைப்போலப் பத்து மடங்கு. தீவனத்தில் 5 சதவீதம் சேர்த்தால் நல்ல மாற்றம் தெரியும். வாங்கும்போது நிறத்தையும் வாசத்தையும் பாருங்கள்: பச்சை நிறமும் புல் வாசமும் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்து பழுப்பேறிய தூளில் நார் இருக்கும், நிறமி இருக்காது. இதைவிடப் பல மடங்கு வலுவானது செண்டுமல்லி இதழ். உலர்ந்த இதழில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் லூட்டின் உண்டு. பண்ணைத் தீவனங்களில் சேர்க்கும் இயற்கை மஞ்சள் நிறமி பெரும்பாலும் இந்தப் பூவிலிருந்துதான் வருகிறது. நிழலில் உலர்த்திக் கசக்கிய இதழ், கிலோ தீவனத்துக்கு 1 முதல் 2 கிராம் போதும். மருந்து தெளித்து வளர்த்த பூ வேண்டாம். பூச்சிமருந்தும் முட்டைக்குள் போகும்.

கீரை போடுகிறேன், அப்படியும் வெளுப்பாகத்தான் இருக்கிறது

என்ன போடுகிறீர்கள் என்று முதலில் சரிபாருங்கள். நிறமாக இருப்பதெல்லாம் கருவுக்கு நிறம் தராது. முட்டைக்கோஸின் உள்வெள்ளை இலை, வெள்ளரி, சுரைக்காய் இவற்றில் தண்ணீர்தான் அதிகம். பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரையும் நிறமி, கருவில் தங்குவதில்லை. மஞ்சள்தூளின் நிறம் குர்குமினால் வருவது. அது சாந்தோபில் வகையைச் சேர்ந்ததில்லை, அதை நம்பி நிறத்தை ஏற்ற முடியாது. பலரும் நம்பிப் போடுவது கேரட். கேரட்டில் அதிகம் இருப்பது பீட்டா கரோட்டின். கோழி அதைப் பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது, கருவுக்கு மிகக் கொஞ்சமே போகிறது. கேரட் கோழிக்கு நல்லதுதான். ஆனால் நிறத்துக்காக என்றால் கேரட்டின் மேலே இருக்கும் பச்சைத் தழையைப் போடுங்கள்.

அடுத்து, யார் தின்கிறார்கள் என்று பாருங்கள். கீரைக் கட்டை ஒரு மூலையில் போட்டால் கூட்டத்தில் வலுத்த இரண்டு கோழி தின்று முடித்துவிடும். ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். மூன்று நான்கு இடங்களில் பிரித்துப் போடுங்கள், அல்லது தழையைக் கட்டித் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள்.

கோழிகளும் தின்கின்றன, இலையும் சரி, இரண்டு வாரமும் ஆகிவிட்டது என்றால், இனி மூன்றாவது இடமான குடலைச் சந்தேகப்பட வேண்டும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நிறம் குறைவது சில நேரம் நோயின் முதல் தடயம்.

குடற்புழுக்கள், அதிலும் குடல் சுவரில் தங்கும் மயிரிழைப் புழுக்கள், நிறமி உறிஞ்சுவதைக் கெடுக்கும். ரத்தக் கழிச்சல் கிருமியும் குடல் சுவரைப் புண்ணாக்கும். வெளியே ரத்தம் தெரியாத லேசான தொற்றிலேயே கரு வெளுத்துவிடும். எடை குறைவு, மந்தம், தளர்ந்த எச்சம், வெளிறிய கொண்டை இவற்றில் ஒன்று கூட இருந்தால் எச்சத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். புழு முட்டையையும் ரத்தக் கழிச்சல் கிருமியையும் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பார்க்காமலே புழு மருந்து கொடுக்காதீர்கள். முட்டையிடும் கோழிக்குத் தரக்கூடாத மருந்துகள் உண்டு. தரக்கூடியதிலும் எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூஞ்சை நச்சு இன்னொரு காரணம். ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் உண்டாகும் அஃப்லாடாக்சின் ஈரலைத் தாக்குகிறது. கொழுப்பையும் நிறமியையும் கருவுக்கு அனுப்பும் வேலை ஈரலைச் சார்ந்தது என்பதால் கரு வெளுக்கிறது, முட்டையும் குறைகிறது. தீவனத்தில் கட்டி தட்டியிருந்தாலோ மக்கிய வாடை வந்தாலோ முழு மூட்டையையும் கொட்டிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை காயும், நச்சு போகாது.

கொழுப்பே இல்லாத தீனியும் காரணமாகலாம். சாந்தோபில் கொழுப்பில் கரைவது. கடைத் தீவனத்தில் போதுமான எண்ணெய் இருக்கும். குருணையும் தவிடும் கீரையும் மட்டும் கொடுப்பவர்கள் கொஞ்சம் சூரியகாந்தி விதையோ எள்ளோ சேர்த்தால் அதே கீரை நன்றாக வேலை செய்யும். வைட்டமின் ஏ சத்து மருந்தை அளவுக்கு மீறித் தண்ணீரில் கலப்பவர்கள் அதை நிறுத்துங்கள். அளவு மீறிய வைட்டமின் ஏ, நிறமி கருவுக்குப் போவதைக் குறைக்கும்.

ஒரே ஒரு கோழியின் முட்டை மட்டும் வெளுப்பு

தீவனம் எல்லோருக்கும் ஒன்று, கரு மட்டும் ஒருவருக்கு வேறு என்றால் அந்தக் கோழியைத் தூக்கிப் பாருங்கள். தீனி போடும் நேரத்தில் மற்றவை கொத்தி விரட்டும் கோழியாக இருக்கலாம். இன்னொரு தீவனத் தொட்டியைக் கண்ணில் படாத தூரத்தில் வைத்தால் அது சரியாகிவிடும். இரவில் கூட்டில் அடைந்ததும் தீனிப்பையைத் தடவினால் உருண்டு நிறைந்திருக்க வேண்டும். காலையில் காலியாகியிருக்க வேண்டும். இரவில் காலியாக இருந்தால் தின்னவில்லை, காலையிலும் நிறைந்திருந்தால் அடைப்பு. நெஞ்செலும்பு கத்திபோல் கூராகத் தட்டுப்பட்டால் அது நீண்ட நாள் கதை. மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாள் தவறாமல் முட்டையிடும் கோழிக்கும் வாரம் மூன்று இடும் கோழிக்கும் இயல்பாகவே வேறுபாடு இருக்கும். தின்ற நிறமி அதிக முட்டைகளுக்குப் பங்காவதால் முதல் கோழியின் கரு ஒரு படி வெளிறியிருக்கும். இதைத் திருத்த வேண்டியதில்லை.

இங்கே மஞ்சள் கால் கோழிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த இனங்கள் அதே சாந்தோபிலைத் தோலிலும் சேர்த்து வைக்கின்றன. முட்டையிடத் தொடங்கியதும் நிறமி கருவுக்குத் திரும்பிவிடுவதால் உடம்பு வெளுக்கிறது. முதலில் எச்சத்துவாரம், பிறகு கண்ணோரம், பிறகு அலகு, கடைசியில், மாதக்கணக்கில் முட்டையிட்ட பிறகு, கால். முட்டையை நிறுத்தினால் அதே வரிசையில் நிறம் திரும்பும். கால் வெளுத்துவிட்டதே என்று பயந்து மருந்து தேடியவர்கள் உண்டு. முட்டை ஒழுங்காக வருகிறது, கோழி துறுதுறுவென்று இருக்கிறது என்றால் அது உழைத்த கோழியின் கால், அவ்வளவுதான். இதற்கு மாறாக, முட்டை நின்றிருந்தும் கால் வெளுத்தே இருந்தால் உறிஞ்சுவதில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைத் தோல், கறுப்புக் கால் இனங்களில் இந்தச் சோதனை செல்லாது.

கரு அளவுக்கு மீறி ஆரஞ்சாக, சிவப்பாக இருக்கிறது

மேய்ச்சல் நன்றாக இருக்கும் காலத்தில் அடர் ஆரஞ்சு இயல்பானது, கவலை வேண்டாம். சிவப்புச் சாயல் வந்தால் காப்சாந்தின் போன்ற சிவப்பு நிறமி சேர்ந்திருக்கிறது என்று பொருள். அது சிவப்பு மிளகாயிலும் குடைமிளகாயிலும் இருக்கிறது. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. காரத்தை உணரும் நரம்பு ஏற்பி பறவைகளில் அதற்குப் பதில் தருவதில்லை. அதனால் கோழி காய்ந்த மிளகாயைச் சாதாரணமாகக் கொத்தித் தின்னும். கிலோ தீவனத்துக்கு 3 முதல் 5 கிராம் தூளே ஆரஞ்சு தர போதும். மஞ்சள் அடித்தளம் இல்லாமல் சிவப்பை மட்டும் ஏற்றினால் கரு பார்க்க நன்றாக இராது, வெளிறிய ரோஜா நிறமாகிவிடும். முதலில் இலையும் மக்காச்சோளமும், பிறகுதான் மிளகாய்.

கடைத் தீவனத்தில் கான்தாசாந்தின் என்ற செயற்கைச் சிவப்பு நிறமி இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் முட்டைக்கோழித் தீவனத்தில் இதற்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அனுமதித்த அளவில் பிரச்சினை இல்லை; வீட்டில் தனியாக வாங்கிக் கலக்க வேண்டியதும் இல்லை. துணிச்சாயம், அடையாளம் தெரியாத வண்ணத்தூள் எதையும் தீவனத்தில் போடக்கூடாது. 2006இல் சீனாவில் கரு சிவப்பாக இருப்பதற்காகத் தீவனத்தில் சூடான் சாயம் கலந்த முட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. அது புற்றுநோய் அபாயமுள்ள தொழிற்சாலைச் சாயம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடர்ந்த நிறம் லூட்டின் போன்ற நிறமிகள் அதிகம் என்பதைக் காட்டும். அவை நம் கண்ணின் விழித்திரைக்கும் நல்லவை. புரதம், கொழுப்பு, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதை நிறம் சொல்லாது. கோதுமை தின்ற கோழியின் வெளிறிய கருவும் சத்துள்ள கருதான்.

கரு பச்சையாக, பழுப்பாக, சேற்று நிறமாக மாறுகிறது

பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு கொடுக்கிறீர்களா என்று முதலில் கேட்பேன். அதிலுள்ள காசிபால் என்ற நச்சுப்பொருள் கருவிலிருக்கும் இரும்போடு சேர்ந்து ஆலிவ் பச்சையிலிருந்து பழுப்பு வரை நிறம் தரும். இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: புதிதாக இட்ட முட்டையை உடைத்தால் ஒன்றும் தெரியாது. சில வாரம் குளிர்பெட்டியில் இருந்த முட்டையில்தான் நிறம் வெளிப்படும். அதனால் சந்தேகம் இருந்தால் நான்கு முட்டையைத் தேதி எழுதி வைத்திருந்து, வாரம் ஒன்றாக உடைத்துப் பாருங்கள். பருத்திக்கொட்டை, இலவங்கொட்டை எண்ணெயில் இருக்கும் வேறொரு கொழுப்பு அமிலம் வெள்ளைக்கருவையே ரோஜா நிறமாக்கும். மாட்டுத் தீவனத்தைக் கோழிகள் திருட்டுத்தனமாகத் தின்னும் வீடுகளில் இதை அவசியம் பாருங்கள்.

மேயும் கோழிகளுக்குக் கடுகுக் குடும்பத்துக் களைகள் சிலவும் ஓக் மரக் கொட்டைகளும் இதே போன்ற நிறத்தைத் தரும். அந்த இடத்தை வேலி போட்டு அடைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுங்கள்.

கருவின் மேல் திட்டுத் திட்டாக இருக்கிறது

லேசான திட்டு பல முட்டைகளில் இயல்பாகவே உண்டு. முட்டை பழசாகும்போது, அதிலும் வெப்பத்தில் இருந்தால், கருவைச் சுற்றிய சவ்வு தளர்ந்து வெள்ளைக்கருவின் நீர் உள்ளே கசியும், திட்டு கூடும். புதிய முட்டையிலேயே அழுத்தமான திட்டுகள் என்றால் தீவனத்தைப் பாருங்கள். காசிபால், டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள தானியம், சில புழு மருந்துகள் இவற்றால் வரும். இறைச்சிக்கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்காகக் கலக்கும் நிக்கார்பசின் என்ற மருந்தும் கருவில் திட்டு உண்டாக்கும். பழுப்பு ஓடு போடும் கோழியின் ஓட்டையும் வெளுக்கச் செய்யும். திட்டும் வெளுத்த ஓடும் சேர்ந்து வந்தால் மூட்டையைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். இறைச்சிக்கோழித் தீவனம் முட்டைக்கோழிக்கு வேண்டவே வேண்டாம்.

ரத்தப் புள்ளி என்றால் அது வேறு. கரு சினைப்பையிலிருந்து பிரியும்போது ஒரு சிறு ரத்தக்குழாய் உடைந்தது. எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கலாம்.

வேகவைத்த கருவைச் சுற்றிப் பச்சை வளையம்

தீவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதிக நேரம் வெந்ததால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்த நிறம். நேரத்தைக் குறைத்து, வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள்.

வெள்ளைக்கருவில் நிறம்

லேசான பச்சை மஞ்சள் சாயல் ரைபோபிளேவின் என்ற வைட்டமினால், நல்லதே. பால்போல் கலங்கியிருந்தால் முட்டை மிகப் புதியது. ஆனால் பளபளக்கும் பச்சை, கறுப்பு, கெட்ட வாடை இவற்றில் எது இருந்தாலும் கிருமி. ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒரே கருவில் இரண்டு நிறம்

தீவனத்தைத் திருத்திய நாலைந்து நாளில் சிலர் இதைக் கண்டு பயப்படுவார்கள். கெட்டியாக வேகவைத்த முட்டையை நீளமான நூலால் சுற்றி இழுத்து இரண்டாக அறுத்துப் பாருங்கள். கத்தி கருவை நசுக்கிவிடும், நூல் நசுக்காது. நடுவில் வெளிறிய உருண்டை, அதைச் சுற்றி அடர்ந்த வளையம். வெளிறியது பழைய தீனி, வளையம் நீங்கள் கொடுத்த கீரை. கரு எப்படி வளர்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் கையாண்ட வழியும் இதேதான்: கோழிக்குக் கொழுப்பில் கரையும் சாயத்தைக் கொடுத்து, கருவில் விழுந்த வளையங்களை எண்ணினார்கள்.

வளையம் வெளியே அடர்ந்தும் உள்ளே வெளிறியும் இருந்தால் திருத்தம் வேலை செய்கிறது, எதையும் தொடாதீர்கள். வெளியே வெளிறியும் உள்ளே அடர்ந்தும் இருந்தால் இந்த வாரம் ஏதோ குறைந்திருக்கிறது. கடைசி நான்கைந்து நாளில் மாறியதைத் தேடுங்கள். அடர்வும் வெளிறலும் மாறி மாறி வந்தால் கீரையை ஞாபகம் வந்த நாளில் மட்டும் போடுகிறீர்கள். அடுத்த வாரம் அதே கோழியின் முட்டையை மறுபடி அறுத்துப் பாருங்கள்: உள்ளே இருக்கும் வெளிறிய உருண்டை சுருங்கியிருக்கும். பன்னிரண்டாம் நாள் வாக்கில் அதைத் தேட வேண்டியிருக்கும்.